வடக்கே இரண்டு ஏரிகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாத இதழில், வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, பழவேற்காட்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே பெரம்பூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட பகுதிகளிலிருந்து வந்தவை. எனவே இந்த மாதம் வேறு கேள்விகளுக்கு இடமில்லை. மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை வருகிறது. ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி என்று கேட்கிறார்கள். எங்கள் கைக்கு அது எட்டாது. காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தொலைவில் ஓர் ஏரியும், அங்கே பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏதாவதும் இருக்குமா ஐயா?
– ராயபுரம் வாசகி

இருக்கிறது அம்மா. வடமேற்கே பூண்டி, வடக்கே பழவேற்காடு. பூண்டிக்குத் திருவள்ளூர் வரை மின்சார ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் போக வேண்டும். பழவேற்காட்டுக்குக் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரைபடத்தில் அருகருகே தெரியும் இந்த இரண்டுக்கும் இடையே நேரடிப் பாதை வசதியாக இல்லை. பிள்ளைகள் பாதி நாளைப் பேருந்து நிறுத்தத்திலேயே கழிப்பார்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் இப்போதைக்குத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், பள்ளிப் பாடத்தில் பழைய கற்காலம் படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பூண்டி. அதைவிடச் சிறியவர்களுக்குப் பழவேற்காடு. கையில் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள். ஊட்டியில் இருப்பதுபோல் ஏரிக்கரை முழுதும் கடைகள் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பூண்டியில் இருப்பது வெறும் கற்கள்தாம் என்று பார்த்துவிட்டு வந்த நண்பர் சலித்துக்கொண்டார். கடைசல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்குப் பொழுது நிறைய இருக்கிறது. ஆனாலும் கற்களைப் பார்ப்பதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா?
– பெரம்பூர் வாசகர்

உங்கள் நண்பர் சொன்னது உண்மை, அவை கற்கள்தாம். மாநிலத் தொல்லியல் துறை 1985இல் அங்கே அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் பொன்னும் இல்லை, பெரிய செப்புத் திருமேனிகளும் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் கையால் வேலை செய்த ஒருவர் அந்தக் கற்களைப் பார்க்கும் விதம் வேறாக இருக்கும் என்பதால், நீங்கள் கட்டாயம் போக வேண்டும் என்பேன்.

அங்கே கைக்கோடரி ஒன்றின் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். ஒரு பக்கம் உள்ளங்கைக்குள் அடங்குவதுபோல் பருத்தும், மறுபக்கம் கூர்ந்தும், ஏறக்குறைய ஒரு பெரிய இலையின் வடிவில் இருக்கும். அதன் மேற்பரப்பில் சிப்பி பெயர்ந்ததுபோல் சிறு சிறு பள்ளங்கள் தெரியும். ஒவ்வொரு பள்ளமும் இன்னொரு கல்லால் கொடுத்த ஓர் அடி. அடியின் கோணம் சற்றே பிசகியிருந்தாலும் கல் குறுக்காக உடைந்து வீணாகியிருக்கும். இரு பக்கமும் மாறி மாறித் தட்டி, நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே அளவு வரும்படி செதுக்கியிருக்கிறார்கள். செய்து முடித்த பொருளின் உருவம் முதல் அடியைக் கொடுப்பதற்கு முன்பே அந்த மனத்தில் இருந்திருக்க வேண்டும். கல்லும் எளிதில் வசப்படும் கல் அல்ல. குவார்ட்சைட் என்னும் கடினமான படிகக் கல், அந்தப் பகுதி மலைகளிலிருந்து ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல். கடைசல் பட்டறையில் நின்றவருக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

இனி இவற்றின் வயது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்ட முதல் சான்றுகளுள் அது ஒன்று. அதே ஆண்டில் பூண்டிக்கு அருகே கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரில், அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் பெருந்தொகையான கருவிகளைக் கண்டனர். அன்றுமுதல் இந்த வகைக் கருவிகளுக்கு ‘மதராஸ் கைக்கோடரி மரபு’ என்றே பெயர் நிலைத்தது. பின்னாளில் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழ்ந்து, மிக அடியில் உள்ள கருவிகள் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள், சராசரிக் கணக்கில் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் வெளியிட்டனர். அதே இடத்தின் மேலடுக்குகளில் கருவி செய்யும் முறை மாறத் தொடங்கியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று 2018இல் வெளியிட்டனர். எருமை, குதிரை, நீல்காய் ஆகிய விலங்குகளின் பல் புதைபடிவங்களும் அங்கே கிடைத்துள்ளன. புல்வெளியும் ஆறுமாக இருந்த நிலம் என்பதற்கு அவையே சாட்சி.

கால் வலுவுள்ளவர் என்றால், அருகிலுள்ள குடியம் மலைக்குகை வரை நடக்கலாம். ஆனால் தனியாகப் போகாதீர்கள், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள். மலை ஏற இயலாது என்றால் மற்றொரு வழி உண்டு: ஃபூட் திரட்டிய கருவிகளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலேயே காணலாம். ஆனாலும், கருவி கிடைத்த மண்ணுக்கு அருகில் நின்று அதைப் பார்ப்பது வேறு.

உங்கள் பகுதிக்காரர்களுக்கு இதில் ஓர் உறவும் இருக்கிறது. அந்த மனிதர்கள் தண்ணீர் குடித்த கொசஸ்தலை ஆற்றைத்தான் பூண்டியில் தடுத்து 1944இல் நீர்த்தேக்கமாக்கினார்கள். அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாகச் சோழவரத்துக்கும் புழலுக்கும் வந்து, நம் குழாயில் இறங்குகிறது. தேக்கத்துக்குப் பெயராக நிற்கும் சத்தியமூர்த்தி, சென்னை மேயராக இருந்தபோது இத்திட்டத்துக்காக முயன்றவர். பணி முடிவதைப் பார்க்காமல் 1943இல் மறைந்தார். மிச்சமாக ஓடும் ஆறு எண்ணூரில்தான் கடலைச் சேர்கிறது.

திருவொற்றியூர்க் கோயிலுக்கும் பூண்டிக்கும் தொடர்பு உண்டு என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொல்வார். ஏரியில் மூழ்கிய கோயில் என்றும் சொல்வார். அது உண்மையா?
– திருவொற்றியூர் வாசகி

உண்மைதான் அம்மா. உங்கள் ஊர் மகிழ மரத்தடியிலேயே அந்தக் கதை தொடங்குகிறது. சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்ததும், வசந்த விழாக் காணும் ஆசையில் திருவாரூருக்குப் புறப்பட்டதும், திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் மறைந்ததும் உங்களுக்குத் தெரிந்தவை. பார்வையற்ற நிலையில் வடதிருமுல்லைவாயிலைத் தொழுது, அவர் அடுத்துச் சென்ற தலம் திருவெண்பாக்கம். ‘கோயிலுக்குள் இருக்கிறாயா’ என்று அவர் கேட்க, ‘உள்ளேதான் இருக்கிறோம், நீர் போகலாம்’ என்று பதில் வந்ததாம். கண்ணைக் கொடுக்காமல் ஊன்றுகோல் ஒன்றை மட்டும் கொடுத்தார் இறைவன். அதனால் அங்கே அவருக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். தோழமை உரிமையில் கோபம் கொண்ட சுந்தரர் கோலை வீசியெறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலவரலாறு. வழி காட்டிய அம்மைக்கு மின்னொளி அம்மை என்று பெயர். இடக்கண் காஞ்சிபுரத்திலும் வலக்கண் திருவாரூரிலும்தான் கிடைத்தன.

நீர்த்தேக்கம் கட்டியபோது திருவெண்பாக்கம் நீர்ப்பரப்புக்குள் அகப்பட்டது. கோயிலை எடுத்துவந்து பூண்டிக் கரையில் மீண்டும் அமைத்தார்கள். கொம்பு ஒடிந்த நந்தியை இன்றும் சன்னிதி முன் பார்க்கலாம். அகழ்வைப்பகம் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கோயிலை விட்டுவிடுவதும், கோயிலுக்குப் போகிறவர்கள் அகழ்வைப்பகத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் திரும்புவதும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. காலையில் கோயில், பிறகு கற்கள், மாலையில் ஏரிக்கரை என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் எலும்புக்கூடுகள் காவல் நிற்பதாகப் பத்திரிகையில் படம் பார்த்தேன். பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? டச்சுக்காரர்கள் இவ்வளவு சிறிய ஊருக்கு எதற்காக வந்தார்கள்?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

தாராளமாக அழைத்துப் போகலாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பதே அந்த எலும்புக்கூடுகள்தாம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்த இடத்தின் நுழைவாயிலில், இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புருவங்கள் நிற்கின்றன. மணற்கடிகையும் மண்டையோடும் அவற்றோடு சேர்ந்த சின்னங்கள். பயமுறுத்துவதற்காக வைத்தவை அல்ல அவை. உன் மணலும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று உள்ளே வருபவருக்கு நினைவூட்டுவது அக்கால ஐரோப்பியக் கல்லறைகளின் வழக்கம். பட்டினத்தார் அடங்கிய ஊருக்குப் பக்கத்தில் வசிக்கும் நமக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதும் அல்ல. உள்ளே போனால் பெரிய கற்பலகைகளில் டச்சு மொழி எழுத்துகளும், குடும்பச் சின்னங்களும், பூவேலைப்பாடும் காணலாம். செதுக்கு வேலையின் நேர்த்தி, நானூறு ஆண்டுக் கடற்காற்றுக்கும் தாங்கியிருக்கிறது. பலகைகள்மீது ஏறி நின்று படம் எடுப்பதை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள்.

எதற்காக வந்தார்கள் என்று கேட்டீர்கள். துணிக்காகத்தான். விஜயநகர அரசர் வேங்கடபதியிடம் 1610இல் அனுமதி பெற்று, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயர் 1639இல் சென்னைக்கு மணல்திட்டு வாங்கியபோது, பழவேற்காட்டில் டச்சுக் கோட்டைக்கு 26 வயது. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்தின் தலைமையிடம் இந்தச் சிற்றூர்தான். நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். ஆனால் கப்பல்களை நிறைத்தது கட்டம் போட்ட பருத்தித் துணியும் கைக்குட்டையும். அந்தத் துணி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு சொல் போதும்: மெக்சிகோவில் இன்றைக்கும் கழுத்திலும் தலையிலும் கட்டும் கைக்குட்டையை ‘பாலியகாதே’ என்கிறார்கள். பழவேற்காட்டை ஐரோப்பியர் அழைத்த ‘புலிகாட்’ என்ற பெயரிலிருந்து பிறந்த சொல் அது. ஆங்கிலேயக் கும்பினியாரின் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற பேட்டையில் இருந்துகொண்டு நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டது பொருத்தம்.

கல்லறைப் பலகைகள் சொல்லாத ஒன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை. பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக இங்கிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டனர். அவர்களுக்குக் கற்பலகை இல்லை. அழகிய சிற்ப வேலைப்பாட்டை வியந்துவிட்டு இதைச் சொல்லாமல் திரும்புவது பாதி வரலாறாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

கோட்டையைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இடித்த அது, இன்று அகழியும் மேடும் முட்புதருமாகத்தான் கிடக்கிறது.

பழவேற்காட்டில் படகுச் சவாரி உண்டா? எங்கள் பாட்டி அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரர். ‘இன்றைக்கு நம் பாடு இல்லை’ என்று அடிக்கடி சொல்வார். அதன் பொருளையும் சொல்லுங்கள்.
– காசிமேடு வாசகர்

முதல் கேள்விக்கு: வேண்டாம். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் படகில் சென்ற 22 பேர் அந்த ஏரியில் மூழ்கி இறந்தார்கள். அதன் பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. கரையில் யாராவது ரகசியமாகக் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். ஆழம் குறைவுதானே என்பார்கள். முகத்துவாரத்தின் அருகே நீரோட்டத்தின் இழுப்பு எப்படி இருக்கும் என்பதைக் காசிமேட்டுக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன். பழவேற்காட்டின் மிக அரிய பண்பாட்டுச் செல்வம் எந்தக் கட்டடத்திலும் இல்லை; உங்கள் பாட்டி சொன்ன அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலவே; பெரும்பாலும் கடல் நீர் உள்ளே ஏறி இறங்கும் முகத்துவாரப் பக்கம். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் அந்தப் பகுதியில் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தாரின் குப்பங்கள், மீன்பிடிக்கும் இடங்களை வகுத்து, எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொண்டன. அந்த இடமும் அந்த முறையும் ‘பாடு’. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம் வாய்க்கும்; பாடு இல்லாத நாளில் அவர் வலையைப் பழுது பார்ப்பார், அல்லது பாடு வகுக்காத நீரில் தொழில் செய்வார். யாருக்குப் பாடு உரிமை உண்டு, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதையெல்லாம் ஊர்க் கூட்டமே முடிவு செய்யும். பொதுச் சொத்தைப் பகிர்வது பற்றி ஆராய்பவர்கள் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்து இந்த முறையைப் படித்து எழுதியிருக்கிறார்கள். பாடு உரிமை இல்லாத மற்ற சமூகத்தினர் இதை எதிர்த்துக் கேள்வி எழுப்பியதும் அந்த வரலாற்றின் பகுதிதான். குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன்.

பாட்டி இருக்கிறார் என்றால், அவரையே அழைத்துக்கொண்டு போங்கள். எந்தக் காட்சியகத்திலும் இல்லாத விளக்கம் உங்களுக்குக் கிடைக்கும்.

டச்சுக்காரர்களைத் தவிர வேறு எதுவுமே அங்கு இல்லையா?
– மண்ணடி வாசகர்

நிறைய உண்டு. பழைய பள்ளிவாசல் ஒன்றின் வளாகத்தில் சூரியக் கடிகாரம் இருக்கிறது. நண்பகல் கடந்து நிழல் நீளும் அளவைக் கொண்டு தொழுகை நேரங்களை அறிந்த காலத்தின் மிச்சம் அது; தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டுப் பாருங்கள். போர்த்துக்கீசியர் காலத்தோடு தொடர்புடைய மகிமை மாதா ஆலயமும், விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. பனை ஓலையைக் கீறிச் சாயமேற்றி, முஸ்லிம் பெண்கள் முடையும் பெட்டிகளையும் தட்டுகளையும் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு சிறிய பெட்டியின் மூடி சரியாகப் பொருந்துவதற்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேரம் பேச வாய் வராது.

ராக்கெட் ஏவுவதை நேரில் பார்க்கப் பொதுமக்களை அனுமதிக்கிறார்களாமே?
– எண்ணூர் பள்ளி மாணவர்

ஆம் தம்பி. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே பார்வையாளர் மாடத்தை 2019இல் திறந்தார்கள். இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போக வேண்டும். சூலூர்ப்பேட்டையில் இறங்கி ஏரியின் நடுவே செல்லும் சாலை வழியாகப் போகலாம். ஏவும் நாள் கடைசி நேரத்தில் தள்ளிப்போவது உண்டு. அப்படித் தள்ளிப்போனால் வருத்தப்படாதே. வானம் தெளிவாக இருந்தால் உன் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே புகைத் தடத்தைப் பார்த்துவிடலாம்.

பூநாரைகளைப் பார்க்க எந்த மாதம் நல்லது?
– வியாசர்பாடி வாசகி

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. மேலே சொன்ன சூலூர்ப்பேட்டைச் சாலையின் இரு பக்கமும்தான் அவற்றைக் கூட்டமாகக் காணும் வாய்ப்பு அதிகம். காலை வேளையில் போங்கள். இறகின் இளஞ்சிவப்பு, அவை தின்னும் பாசியிலிருந்தும் சிறு இறால் வகைகளிலிருந்தும் வரும் நிறம். பிறக்கும்போது குஞ்சுகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்.

சென்ற வாரம் குடும்பத்தோடு ஓர் அரசுக் காட்சியகத்துக்குப் போனோம். வாசலில் பூட்டு. காரணம் எழுதிய பலகைகூட இல்லை. ஆட்டோவுக்குக் கொடுத்த பணமும் வீண், பிள்ளைகளின் முகமும் வாடிவிட்டது. யாரிடம் முறையிடுவது?
– கொருக்குப்பேட்டை வாசகர்

உங்கள் கோபம் நியாயமானது. விடுமுறை நாளைக் கொட்டை எழுத்தில் வாசலில் எழுதி வைப்பதற்கு ஒரு தகரப் பலகைக்கு மேல் செலவில்லை. அந்தத் துறையின் இயக்குநரகத்துக்கு, தேதியும் நேரமும் குறித்து எழுதுங்கள். பூட்டிய கதவின் படத்தையும் இணையுங்கள். ஆனால் நீங்கள் போனது வெள்ளிக்கிழமையாக இருந்திருக்குமோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் வார விடுமுறை. திங்களும் பல இடங்களில் விடுமுறை. அடுத்த முறை புறப்படும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்துவிடுங்கள். பூண்டிக்குப் போவதானால் அதைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் அங்கே பூட்டியிருந்தால் திரும்பி வரும் பேருந்துக்கும் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.